ஒரு முகத்துக்கு ஐந்து கல்

எங்கள் வீட்டுக் குசினி ஜன்னல் விளிம்பில் ஐந்து சாணைக்கற்கள் இருக்கின்றன. ஒன்று கறுப்பு, உடைந்தது. ஒன்று சாம்பல், ஒன்று நீலம், ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. உப்பு ஜாடி வைக்க இடமில்லை. இத்தனை கல்லிலும் தீட்டுவதற்கு இருப்பது ஒரே ஒரு சவரக்கத்தி. அந்தக் கத்தி சவரம் செய்வது ஒரே ஒரு முகத்தை. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் என் வீட்டுக்காரர். யாராவது வந்து இதெல்லாம் என்ன என்று கேட்டால் சொல்ல வாய் வராது என்று, ஒரு துவாலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அவர் சின்ன வயதில் தோணியில் போனவர். பிறகு சரக்குக் கப்பல். முதல் முறை கொழும்புக்குப் போனபோது வாங்கிய மடக்குக் கத்தி அது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே வாங்கிவிட்டார். எனக்கு மூத்தாள் அவள்தான் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தினமும் காலையில் எழுந்ததும் அவளுக்குத்தான் முதல் கவனிப்பு. கறுப்புக் கல்லில் நாலு இழுப்பு, தோல்வாரில் இருபது இழுப்பு, பிறகு கன்னம். அந்த நேரத்தில் வீடு தீப்பற்றினாலும் கூப்பிடக் கூடாது.

போன வருஷம் மழைக்கு முந்தி ஒருநாள் காலையில், கல்லைக் கையில் எடுத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் இழுத்துவிட்டது. கத்தி மூடியிருந்ததால் தப்பித்தது. கல் தரையில் விழுந்து இரண்டாகப் போனது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்குக் கால் வந்துவிட்டது. பேச்சும் வந்துவிட்டது, முன்னைவிட நன்றாகவே வந்துவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவர் வாசல் தாண்டவில்லை. தாடி வளர்ந்துவிட்டதாம். சலூனுக்குப் போனால் கை போய்விட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம். நானே சலூன்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டு வந்தேன். அவர் பையிலிருந்து பிளேடை எடுத்ததுதான் தாமதம், "பிளேடு கொண்டாந்திருக்கியாக்கும்? நான் என்ன பென்சிலா?" என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் கெட்டிக்காரர், சிரித்துக்கொண்டே போனார். நான்தான் தெருமுனை வரை பின்னால் போய் மன்னிப்புக் கேட்டேன். தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் ரேசர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் பாதிக் கன்னம் இழுத்துவிட்டு அதைச் சுவரில் எறிந்தார். பாதித் தாடியோடு உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "அப்ப நீ எடு" என்றார்.

எனக்கு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பழக்கமில்லை. பால்காரரிடமே கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன். இவர் முகத்தைக்கூட அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. தை மாதத்தில் எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் முடிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மகள் எங்கள் பேரை எழுதிக் கொடுத்திருந்தாள். மாதா கோயிலில் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு ஜோடியாக உட்கார வைத்து, சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிப்பார். கப்பலில் போன காலத்தில் கல்யாண நாளன்று அவர் கரையில் இருந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு தடவையாவது அந்த இரண்டு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. இதை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவரோ, "பன்னி முடி மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் வரமாட்டேன், நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். ஜோடிப் பூசைக்கு நான் மட்டும் போய் என்ன செய்ய? பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைக்கவா?

அதனால் கத்தியை எடுத்தேன். கத்தி மழுங்கியிருந்தது. மழுங்கின கத்திதான் கீறும், கூரான கத்தி கீறாது என்று அவர் சொன்னார். கல் வேண்டும். உடைந்த பாதிக் கல்லில் தீட்டலாமே என்றேன்.

"உடைஞ்ச கல்லு விளிம்புல பொடி விடும்ளா. பொடி கத்தி வாயைக் கெடுத்துரும். போய்ப் புதுக் கல்லு வாங்கிட்டு வா. நல்லா நைசா, மெதுவான கல்லா கேளு. சவரக்கத்திக்குன்னு சொல்லு, எனக்குன்னு சொல்லாத."

சவரக்கத்திக்கு என்று சொல்ல வேண்டும், அவருக்கு என்று சொல்லக் கூடாது. அப்படியானால் யாருக்கு? எனக்கா? யோசித்துக்கொண்டேதான் இரும்புக்கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து ஆம்பிளைகள் ஆணி, கயிறு என்று நின்றார்கள். எல்லாரும் போகட்டும் என்று நான் ஓரமாக நின்றேன். ஒருத்தர் போனால் இரண்டு பேர் வந்தார்கள்.

"என்னம்மா, ரொம்ப நேரமா நிக்கிய. என்ன வேணும்?" என்றார் கடைக்காரர்.

"தீட்டுற கல்லு, அண்ணாச்சி."

"அரிவாளுக்கா, கத்திக்கா?"

"கத்திக்கு."

"என்ன கத்தி?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "மீன் வெட்டுற கத்தி" என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க. இந்தா, ரெண்டு பக்கமும் தீட்டலாம். சீலா என்ன, சுறாவே துண்டாப் போவும்."

கயிறு வாங்கிக்கொண்டு நின்றவர், "பாத்துக்கோங்க ஆச்சி, வீட்டுல அண்ணாச்சிகிட்ட ஏதும் கோவமா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். நான் வாங்கிப் போகிற கல் யார் கன்னத்துக்கு என்று தெரிந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

அந்தச் சாம்பல் கல்லில் கத்தியை வைத்ததும் கரகரவென்று சத்தம் வந்தது. பத்து இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கத்தியின் வாய் ரம்பம் மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்தவரை கூர் என்றால் அதுதான். அரிவாள்மனை அப்படித்தானே இருக்கும். கன்னத்தில் வைத்தேன். மூன்று இடத்தில் கீறியது. படிகாரத்தைத் தேய்த்து, பஞ்சை வைத்து, அரை மணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரத்தம் நின்ற பிறகு அவர் கேட்டார்.

"என்ன கல்லு கேட்ட?"

"கத்திக் கல்லு."

"என்ன கத்தின்னு சொன்ன?"

உலை கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு கல் பொறுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நாள் முழுக்க இடது கையில் செல்போன். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் அதில் சவரக்கத்தி தீட்டிக் காட்டுகிறான். "தாடி வச்சிருக்கவனுக்கு எதுக்குங்க கத்தி?" என்று கேட்டேன். நாலாம் நாள் பார்சலில் நீலக்கல்லும் வெள்ளைக்கல்லும் வந்து இறங்கின. பெட்டியில் எல்லாம் இங்கிலீஷ். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, எண்ணை மட்டும் படித்தேன். நீலத்தில் ஆயிரம், வெள்ளையில் எட்டாயிரம். எட்டாயிரம் என்றால் எட்டு மடங்கு முரடு, இன்றைக்குக் கன்னமே இருக்காது என்று நினைத்தேன்.

"உப்புத்தாள் மாதிரிதாம்ளா. நம்பர் கூடக்கூட மெதுவு. நீ பண்ணி வச்ச ரம்பத்தை நீலக்கல்லு எடுக்கும். அதுக்கு மேல வழுவழுப்புக்கு வெள்ளை."

நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நீலக்கல் நகத்தைத் தின்றது. வெள்ளைக்கல்லில் நகம் பீங்கான் தட்டில் போல வழுக்கிக்கொண்டு போனது. சரி, இந்த மனிதர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று அப்போது தோன்றியது. அதற்காக அவர் பேசிய பேச்சை எல்லாம் பொறுக்க முடியுமா? சாயங்காலம் நான்கு மணிக்குப் பின்வாசல் படியில் கல்லை வைத்துக்கொண்டு நான் குனிந்து உட்கார்ந்தால், அவர் நாற்காலியில் இருந்து கப்பல் நடத்துவார்.

"கத்திய படுக்க வை. முதுகும் வாயும் சேந்து கல்லுல படணும். முதுகைத் தூக்காத. ஏளா, முதுகைத் தூக்காதங்கேன்!"

"என் முதுகைத்தான் தூக்க முடியல."

"திருப்பும்போது முதுகு மேல உருட்டித் திருப்பு. வாய் மேல உருட்டாத. அந்தா, உருட்டிட்டா!"

இன்னொரு நாள், கல் நடுவில் குழிந்துவிட்டது, கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து அதில் கல்லைத் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும் என்றார். கண்ணாடிக்கு எங்கே போவது? அவர் கண் சுவருக்குப் போனது. அங்கே எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. நான் அலமாரித் தட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டேன். அந்தப் படத்துக்குக் கண்ணாடியாவது மிஞ்சட்டும்.

கல்லை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நான் வாளியில் போட்டு வைத்தேன். எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் இரண்டு. குழாயில் சில நாளைக்கு ஒரு தடவை வருவது நல்ல தண்ணீர். அது குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டும். மோட்டார் போட்டால் வருவது உப்புத் தண்ணீர்; குளிக்க, துவைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். நல்ல தண்ணீர்க் குடத்தில் தப்பான செம்பை விட்டதற்காகச் சின்ன வயதில் அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இவருடைய சவரச் சோப்பு உப்புத் தண்ணீரில் நுரைக்காது என்பதற்காக ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் கொடுப்பேன். அதையே மனசில்லாமல்தான் கொடுப்பேன்.

தீட்டி முடித்ததும் சோதிக்க வேண்டும். என் சீப்பிலிருந்து ஒரு நரைமுடியை எடுத்துத் தொங்கவிட்டுக் கத்தியைக் கிட்டத்தில் கொண்டுபோனால், முடி சத்தமில்லாமல் இரண்டாக விழ வேண்டும். முதல் நாள் சாயங்காலமே விழுந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நானும் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். கத்தியைக் கழுவி, துடைத்து, மூடி வைத்தேன்.

மறுநாள் காலையில் கன்னத்தில் வைத்தால் பிடித்து இழுக்கிறது. முடியைத் தொங்கவிட்டால் வளைகிறது, விழவில்லை.

"எரியுதுளா. உப்பைத் தேச்ச மாதிரி எரியுது."

"கன்னத்துல கத்தி வச்சா எரியாம குளுருமா?"

அன்றிலிருந்து இதே கதை. சாயங்காலம் ஏறுகிறது, காலையில் இறங்குகிறது. அவர் தினமும் எரிகிறது என்பார், நான் தினமும் ஏதாவது சொல்வேன். தினமும் ஒரு கீறல், படிகாரம், பஞ்சு. ராத்திரியில் கத்தியை யாராவது எடுத்துப் பாக்கா வெட்டுகிறார்கள்? கல் சரியில்லை என்றார் அவர். நீ அழுத்திவிட்டாய் என்றார். தோல்வார் காய்ந்துவிட்டது என்றார். கடைசியில், பன்னிரண்டாயிரம் நம்பரில் பச்சைக்கல் ஒன்று இருக்கிறது, அது வந்தால்தான் தீரும் என்றார். பூசைக்கு ஐந்து நாள் இருந்தது. "பச்சைக்கல்லு வரட்டும், பாப்போம். இல்லன்னா நீ மட்டும் போ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் போனைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் கற்களை வாளியில் போடவில்லை. நீலக்கல்லை எடுத்து ஜன்னல் விளிம்பில் தடாலென்று வைத்துவிட்டுப் போனேன். என் கோபம் அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு வராது.

மறுநாள் மத்தியானம் மீன் கழுவ ஜன்னல் பக்கம் நின்றபோது பார்த்தேன். வெயிலில் காய்ந்த நீலக்கல் மேல் வெள்ளையாகப் படை படிந்திருந்தது. பூஞ்சையா என்று விரலால் தொட்டேன். நறநறவென்று இருந்தது. நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பஸ் ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம் தெரிகிற ஊரில் பிறந்தவள் நான். தண்ணீரை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வாய் ஓரத்தில், குண்டூசி முனையைவிடச் சின்னதாய், பழுப்புப் புள்ளிகள். துரு. சாயங்காலம் நான் ஏற்றிய கூர்மையை ராத்திரி முழுக்க உப்பு அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதே உப்பைத் தினமும் அவர் கன்னத்தில் தேய்த்துவிட்டு, எரியாமல் குளிருமா என்று கேட்டிருக்கிறேன். சோப்பு நுரைக்காது என்று தெரிந்திருந்தது. வாளி, குழாய் எல்லாம் அரித்துப் போகும் என்று தெரிந்திருந்தது. இந்தக் கத்தியும் இரும்புதான் என்று மட்டும் தோன்றவில்லை. கல்லுக்கு நல்ல தண்ணீர் கொடுப்பார்கள் என்று யார் கண்டார்கள்?

அவரிடம் சொல்லவில்லை. அவர் தூங்கிய நேரம் பார்த்து, கற்களை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, நல்ல தண்ணீரிலேயே ஊறப்போட்டேன். குடத்தில் பாதி போய்விட்டது. சாயங்காலம் துரு போக நீலத்திலும், பிறகு வெள்ளையிலும் தீட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஈரம் இல்லாமல் துடைத்து, சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி மூடி வைத்தேன்.

காலையில் முடி விழுந்தது.

கன்னத்தில் கத்தி போனது எனக்கே தெரியவில்லை. அவர் எரிகிறது என்று சொல்லவில்லை. முடித்ததும் இடது கையால் இரண்டு கன்னத்தையும் தடவினார், தாடைக்குக் கீழே தடவினார். ஒரு கீறல் இல்லை.

"பாத்தியா? வெள்ளைக்கல்லு பழகுறதுக்கு நாளாவும்னு அந்த வெள்ளைக்காரன் சொன்னாம்லா? நான் பொறுக்குன கல்லு தப்பாதுளா."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரைக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை நான் போட்டுவிட்டேன். ஆட்டோவில் போனோம். முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தோம். சாமியார் மந்திரித்தார். நான் பூசை முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை மட்டும் பக்கத்தில் பார்த்தேன். காதோரத்தில் கொஞ்சம் முடி விட்டுப்போயிருந்தது.

பூசை முடிந்து வாசலில் அவரோடு கப்பலில் போன ஒருத்தர் வந்து கையைப் பிடித்தார்.

"என்னவே, மாப்பிள மாதிரி கன்னம் பளபளங்கு! எந்த சலூன்?"

"சலூனா? நம்ம கத்திதான். கல்லு எட்டாயிரம் நம்பர்" என்று இவர் ஆரம்பித்தார். நீலம், வெள்ளை, வரப்போகிற பச்சை எல்லாம் வந்துவிட்டது. வந்தவர் முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப கையும் சரியாயிட்டுன்னு சொல்லும்" என்றார்.

இவர் மூன்று மாதமாக யாருக்கும் தெரியக்கூடாது என்று காத்த விஷயம். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

"என் கை எங்க சரியாச்சு? அது அப்படியேதான் கிடக்கு" என்றார். பிறகு கம்பை என் பக்கம் நீட்டி, "இவ கைதான்" என்றார்.

வாசலில் நின்ற எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். நம்பரைச் சொன்ன மனிதர் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. அவருக்கு முன்னால் நானே ஆட்டோவுக்கு ஓடினேன்.

பாதி வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

"ஏங்க."

"என்னளா?"

"கல்லு இல்லைங்க. தண்ணி. நான் உப்புத் தண்ணியில ஊறப்போட்டுட்டேன். உப்புத் தண்ணியிலதான் கழுவியும் வச்சேன்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"எரியுதுன்னு சொன்னேன்லா?"

"சொன்னிய."

"உப்பைத் தேச்ச மாதிரின்னு சொன்னேன்லா?"

"சொன்னிய."

"முப்பது வருசம் உப்புல கிடந்தவன் சொல்லுதேன், நீ கேக்கல."

"நீங்க கல்லைத்தானே குத்தம் சொன்னிய! ஒருநாளாவது தண்ணின்னு சொன்னியளா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் குரலைக் குறைத்துக்கொண்டேன். இவர் ஜன்னல்... ஆட்டோவுக்கு ஏது ஜன்னல், வெளியே பார்த்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"சரி, அப்ப பச்சைக்கல்லு வேண்டாம்னு சொல்லிருவமா?" என்றேன்.

"அது நேத்தே கிளம்பிட்டு."

புதன்கிழமை பச்சைக்கல் வந்துவிட்டது. ஐந்தாவதாக ஜன்னலில் ஏறிவிட்டது. அதில் நகத்தை வைத்தால் நகம் இருப்பதே தெரிவதில்லை, அவ்வளவு மெதுவு. அதற்கும் வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கன்னத்துக்குத் தெரியலாம், என் கைக்குத் தெரியவில்லை. இப்போது அவர் எல்லா ஞாயிறும் பூசைக்குப் போகிறார். எல்லா நாளும் நான் தீட்டுகிறேன்.

இந்த வாரம் குழாயில் தண்ணீர் வந்து ஆறு நாளாகிறது. அடிக்குடத்தில் இருக்கிறதை அளந்து அளந்து எடுக்கிறேன். நேற்று எனக்கு இரண்டாவது காப்பி போடவில்லை. அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கீழே ஊற்றவில்லை. கல்லுக்கு மட்டும் ஒரு செம்பு தனியாக மூடி வைத்திருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்வாசல் நாற்காலியில் இருந்து குரல் வருகிறது.

"ஏளா, கல்லுக்குத் தண்ணி வச்சியா?"